நிதியுதவிப் படிப்பின் நடுவே கர்ப்பம்: டிக்கெட்டுக்கு முன் ஒரு கடிதம்

கேள்வி: அரசுக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அரசு நிதியுதவியுடன், ஜே-1 எனும் கல்விப் பரிமாற்ற விசாவில், ஓராண்டுப் படிப்புக்காக ஆகஸ்டில் அமெரிக்கா வந்தேன். இப்போது அக்டோபர் தொடக்கம். 14 வாரக் கர்ப்பம். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கே போய்விட நினைக்கிறேன். பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? இனி அமெரிக்கா வரவே முடியாதா? இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கடைசி வரிதான். ஊருக்குப் போவது உங்கள் முடிவு, அதில் பிறருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டால், ஒழுங்காக முடித்துக்கொள்ளக்கூடிய படிப்பு, காரணமின்றி விட்டுச்சென்றதாகப் பதிவாகிவிடும். பல்கலைக்கழகத்தில் உங்கள் டி.எஸ்.-2019 படிவத்தை (ஜே-1 விசாவுக்கு அடிப்படையான சான்று) கவனிக்கும் அதிகாரியிடமும், நிதியளித்த அமைப்பிடமும், மருத்துவரின் சான்றோடு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள். திரும்பும் பயணச் செலவை அமைப்பே ஏற்கிறதென்றால், நீங்களாக டிக்கெட் எடுப்பதால் அதை இழக்கவும் நேரலாம். படிப்பை முடித்தவர்களுக்கு நாட்டை விட்டுப் புறப்படக் கிடைக்கும் 30 நாள் அவகாசத்தை, நடுவில் விடுபவர்கள் நம்பியிருக்கக் கூடாது.

பணம் திருப்பிக் கட்டுவது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மருத்துவக் காரணத்தால் விலகுவோருக்கு விலக்கு உண்டா என்று அதில் தேடுங்கள். தெளிவாக இல்லையெனில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் 'பரவாயில்லை, போய் வாருங்கள்' என்று சொன்னது பின்னாளில் உங்களைக் காக்காது.

அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மாணவியை விலக்க முடியாது; மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம் வரை விடுப்பு அளித்து, பழைய நிலையிலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆகவே 'விலகுகிறேன்' என்று எழுதும் முன் 'விடுப்பு' கேட்க முடியுமா என்று பாருங்கள். ஆனால் அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்தைத்தான் கட்டுப்படுத்தும், உங்களுக்கு நிதி தரும் இந்திய அமைப்பை அல்ல. மேலும், விடுப்பில் ஊருக்குப் போனால் திரும்பி வரப் புதிய படிவமும் விசாவும் தேவைப்படலாம்.

விசாவைப் பற்றிய உங்கள் பயம் பாதி சரி. அரசு நிதியில் ஜே-1 பெற்றவர்கள், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்த பின்பே பொதுவாக எச், எல் என்ற வேலை விசாக்களையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையையோ (கிரீன் கார்டு) பெற முடியும். குறிப்பிட்ட துறைகளில் வந்தவர்களுக்கும் இதே விதியை விதிக்கும் அமெரிக்காவின் 'திறன் பட்டியலிலிருந்து' 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டதால் இந்த விதி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு அந்த நீக்கம் பொருந்தாது. சீக்கிரம் திரும்புவதால் இந்த விதி நீங்காது, கூடவும் செய்யாது. சுற்றுலா விசாவை இது தடுக்காது.

என்னைக் கேட்டால், உடல் ஒத்துழைக்குமானால் டிசம்பர் நடுவில் பருவம் முடியும் வரை இருங்கள். அப்போது உங்களுக்கு ஏறக்குறைய 24 வாரம். எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்கள் கையில் இருக்கும், வளைகாப்புக்கும் ஊரில் இருப்பீர்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்திற்குப் பிறகு மருத்துவச் சான்று கேட்கின்றன, 36 வாரத்தைத் தாண்டினால் பொதுவாக ஏற்றுவதில்லை. வாந்தியும் மயக்கமும் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் மதிப்பெண்ணைப் பற்றி எண்ணாமல் முன்பே கிளம்புங்கள். அதுவரை செய்யும் பரிசோதனைகளுக்கு உங்கள் காப்பீடு பணம் தருமா என்பதை இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ஸ்கேன் கட்டணமே மலைக்க வைக்கும்.

உங்கள் கல்லூரிக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு அளிக்கிறது. படிப்பு விடுப்பை முறையாக முடித்துக்கொண்டு இதற்கு விண்ணப்பிப்பது எப்படி என்று, புறப்படும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.