குடைமிளகாய் வாசனை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்களோடு நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரிக்கரைக்கு வந்திருந்தோம். சில ஒயினரிகளில் கேபர்நே ஃப்ராங் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினைச் சுவைத்துப் பார்த்தோம். நிறம் வெளிறி, புளிப்பாக, குடைமிளகாயை நறுக்கிய வாசனையோடு இருந்தது. கலிபோர்னியா சிவப்பு ஒயினுக்குப் பழகிய எங்களுக்கு ஏமாற்றம். நீங்கள் அங்கேதான் சிறிய அளவில் திராட்சை போடுகிறீர்கள். இது பழத்தின் கோளாறா, எங்கள் நாக்கின் கோளாறா?

ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

நாக்கின் மேல் பழி போட வேண்டாம். அந்த வாசனை நிஜமாகவே அதில் இருக்கிறது. குடைமிளகாயில் உள்ள பைரசீன் என்ற வாசனைப் பொருள் இந்தத் திராட்சையிலும் உண்டு. காய் பச்சையாக இருக்கும்போது சேரும், பழுக்கப் பழுக்கக் குறையும். வெயில் படாத குலையில் அதிகம் சேரும். அதனால்தான் காய் பிடித்த கையோடு குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிழக்குப் பக்கமாகக் கிள்ளிவிடுகிறோம். காலை வெயில் விழும், மதிய வெயிலில் கருகாது. அந்த நேரத்தில் ஆள் கிடைக்காமல் விட்டால், அக்டோபரில் தலைகீழாக நின்றாலும் ஈடுகட்ட முடியாது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் இலை கிள்ளினார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தொழில் புத்தி!

ராஸ்பெர்ரி வாசனைக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை வந்தால் எனக்குப் பிடிக்கும். பழமே இல்லாமல் குடைமிளகாய் மட்டும் வந்தால் அது கோளாறுதான். மழை வருஷத்தில் அழுகலுக்குப் பயந்து முன்கூட்டியே பறித்திருப்பார்கள். பறிக்கும் முன் விதையைக் கடித்துப் பார்ப்போம். பச்சை விதை துவர்த்து நாக்கை இழுக்கும். பழுப்பாகி, வறுத்த கடலைபோல மொறுமொறுத்தால் பறிக்கலாம்.

புளிப்பு வேறு கதை. திராட்சைக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் பழுக்கும்போது சூட்டில் குறையும். இங்கே இரவு குளிர்வதால் நிறையத் தங்கிவிடும். பாக்டீரியா அதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிய பிறகும் மிஞ்சுகிற புளிப்பு இந்த ஊரின் குணம். அதை மறைக்கப் புது ஓக் பீப்பாயில் போட்டு வனிலா வாசனை ஏற்றுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

இங்கத்திய குளிரில் ஐரோப்பியத் திராட்சை விளைவதே பெரிய விஷயம். செனகா 180 மீட்டருக்கும் மேல் ஆழமான ஏரி, முழுதாக உறைவது அபூர்வம். அந்தத் தண்ணீரின் சூட்டில்தான் கரையோரக் கொடிகள் பிழைக்கின்றன. உக்ரைனிலிருந்து வந்த திராட்சை விஞ்ஞானி கான்ஸ்டன்டின் ஃப்ராங்க், 1950களில் குளிர் தாங்கும் வேர்க்கொடியில் ஒட்டுக் கட்டி வழிகாட்டினார். இன்றும் குளிர்காலத்துக்கு முன் ஒட்டின்மேல் மண் அணைத்து, வசந்தத்தில் விலக்கிவிடுகிறோம். முதுகு ஒடியும் வேலை.

சரி, உங்களிடம் பாட்டில் மிச்சமிருந்தால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஆட்டுக்கறி வறுவலோடு குடித்துப் பாருங்கள். கொழுப்புள்ள கறிக்கு அந்தப் புளிப்பு நன்றாகச் சேரும். அடுத்த முறை வந்தால் லெம்பர்கர் என்ற சிவப்பு ஒயினைக் கேளுங்கள். ஆஸ்திரியாவில் இதற்கு பிளாவ்ஃப்ரான்கிஷ் என்று பெயர். நல்ல அடர்நிறம், மிளகு வாசனை, உங்கள் கூட்டத்துக்குச் சரிப்படும். அக்டோபரில் மட்டும் வராதீர்கள், அறுவடை மும்முரத்தில் யாரும் நின்று பேச மாட்டோம்.