அப்பாவுக்கு நினைவஞ்சலி எழுதணுமா? அச்சாபீஸ்காரர்கிட்ட கேளுங்க

வணக்கம். திருமங்கலத்துல சின்ன அச்சாபீஸ் வச்சிருக்கேன், 24 வருஷமா டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பக்கம் அமைக்குற வேலை. கல்யாணப் பத்திரிகையவிட கண்ணீர் அஞ்சலி அடிச்சதுதான் அதிகம். கடை வச்சு குடும்பத்தக் காப்பாத்துன அப்பாவுக்கு நினைவஞ்சலி, நினைவு மலர் போடுறதப் பத்தி கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன். மொதல்லயே ஒண்ணு, போட்டோவ வாட்ஸப்ல சும்மா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

தேனி தம்பி: அண்ணே, அப்பா 31 வருஷம் மளிகைக் கடை வச்சிருந்தாரு. முதல் வருஷத்துக்கு நாலு பக்கம் போடலாம்னு "பாசத்தின் சிகரம், பண்பின் இமயம்"னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல ஓட மாட்டேங்குது.

ஓடாது தம்பி. அந்த வரி என் கம்ப்யூட்டர்லயே ரெடியா கெடக்கு, வாத்தியாருக்கும் அதான் வட்டிக்கடைக்காரருக்கும் அதான், பேர மட்டும் மாத்துவேன். நீ ரெண்டு நாள் கடைல போய் உக்காரு. மொத்தக் கடையிலேர்ந்து சரக்கு போட்டவரு, மூட்டை எறக்குனவரு, மாசக் கணக்கு வச்சிருந்த வீட்டுக்காரங்க, ஆளுக்கு ஒரே ஒரு விஷயம் கேளு. எங்கப்பா சைக்கிள் கடை. பதினாறாம் நாளைக்கு மலர் போட உக்காந்தா, ஊருக்கே எழுதிக் குடுக்குற எனக்கு ஒரு வரி வரல. அப்புறம் கடைல வேலை பாத்த அண்ணன்தான் சொன்னாரு, பள்ளிக்கூடப் பிள்ளைக பஞ்சர்னு வந்தா ஒட்டி முடிச்சு டியூப தண்ணித் தொட்டிக்குள்ள முக்கி, குமிழி வருதான்னு அந்தப் பிள்ளையவே பாக்கச் சொல்லுவாராம், "நீயே பாத்துக்க, நாளைக்கு என்னைய வந்து கேக்கக் கூடாது"ன்னு. கூடவே இருந்த எனக்கு இது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது வீட்டுக்கு வந்தப்புறம் நடக்குறதுதான், ராத்திரி மொதல்ல மண்ணெண்ணெய் ஊத்தி கிரீஸக் கழுவுவாரு, அப்புறம் சோப்பு, அப்புறம் கைய மோந்து பாத்துட்டுதான் தங்கச்சியத் தூக்குவாரு. இந்த ரெண்டையும்தான் போட்டேன். சிகரம் இமயம் எதுவும் போடல.

அதே மலர்ல பொறந்த வருஷம் 1949க்கு 1994ன்னு அடிச்சுட்டேன், 500 காப்பி. அத்தைதான் கண்டுபிடிச்சாக. அதனால அச்சடிக்குறதுக்கு முன்னாடி சரிபாக்கக் குடுக்குற ப்ரூப்ப நீங்க பாக்காதீங்க, வீட்டுல மூத்தவங்க கையில குடுங்க.

கோவை: போட்டோ வாட்ஸப்ல அனுப்பிட்டேன் சார், என் போன்ல நல்லாத்தான் தெரியுது?

போன்ல தெரியும். சும்மா அனுப்புனா நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிடும். அச்சுக்கு இஞ்சுக்கு 300 பிக்சல் வேணும், வகுத்துப் பாருங்க, அஞ்சரை இஞ்ச்கூட முழுசா வராது. நீங்க கேக்குறதோ முழுப்பக்கம். பழைய கல்யாணப் போட்டோன்னா பிரேமக் கழட்டி ஸ்கேன் பண்ணுங்க, கண்ணாடியோட போன்ல எடுத்தா டியூப்லைட்டும் சேந்து விழும்.

சேலம்: தெருவுல ஒட்ட என்ன சைஸ்?

டபுள் கிரவுன், 20க்கு 30 இஞ்ச். போதும்.

கரூர்: வாரிசு சான்றிதழ், கடை ஜிஎஸ்டி எல்லாம் எப்படி மாத்துறது?

என் வேலை இல்லங்க. முதலுக்கு இ-சேவை, தாலுகா ஆபீஸ். ரெண்டாவதுக்கு ஆடிட்டர். இறப்ப 21 நாளைக்குள்ள பதிஞ்சுடுங்க, அங்க குடுக்குற பேரும் ஆதார்ல இருக்குற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும்.

திருச்சி சகோதரி: அப்பா ஜவுளிக்கடை. போஸ்டர்ல அண்ணனுங்க பேரு மட்டும் போட்டிருக்காங்க. லீவு நாளெல்லாம் கல்லாவுல உக்காந்தது நான். கேட்டா எடம் பத்தலையாம்.

எடமெல்லாம் பத்தும்மா. "மகன்கள்", "மகள்கள்"னு தனித்தனித் தலைப்பு போடாம "பிள்ளைகள்"னு ஒரே தலைப்பு, பொறந்த வரிசைல பேரு, பக்கத்துலயே மருமகன், மருமக பேரு. ரெண்டு வரி மிச்சமாகும்.

நெல்லை: பொண்ணு பேர வரிசைல கலந்தா சம்பந்திக கோவிப்பாக சார். கட்டிக் குடுத்தாச்சு, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?

எது சார் வழக்கம்? 1956 இந்து வாரிசுச் சட்டத்துலயே மகளும் மகன் மாதிரி முதல் வகுப்பு வாரிசு. பத்திரத்துல கையெழுத்து வாங்க மட்டும் கட்டிக் குடுத்த ஊருக்குக் கார் எடுத்துட்டுப் போறீங்கல்ல, போஸ்டருக்கு மட்டும் எடம் இல்லையா?

நெல்லை: நீங்க குடும்பத்துல சண்டை மூட்டுறீங்க.

நான் மூட்டல, போஸ்டர் ஒட்டுனப்புறம் என் கடைக்கு வந்து அழுத பொண்ணுகளப் பாத்திருக்கேன். சரி, வழக்கம்னே வச்சுக்குவோம், அந்த வழக்கத்துல பொண்டாட்டி பேரு எங்க? பாதி பேரு அத விட்டுட்டுதான் மேட்டர் கொண்டு வர்றாங்க. கடை சாத்துற வரைக்கும் சோறு எடுத்து வச்சுட்டு முழிச்சிருந்தது யாரு?

மதுரை பெரியவர்: தம்பி சொல்றது நெசந்தான். நான் எங்கண்ணனுக்கு மதினி பேர மேல போட்டுதான் அடிச்சேன், யாரும் கோவிக்கல.

நன்றிய்யா. நெல்லைக்காரர் இன்னும் டைப் பண்ணிட்டே இருக்காரு, அடுத்த கேள்விக்குப் போறேன்.

டொரண்டோவிலிருந்து: அண்ணா, அப்பா யாழ்ப்பாணத்தில பலசரக்குக் கடை வைச்சிருந்தவர். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கப் போறம். திதி வெண்பா எழுதித் தருவியளோ?

(மத்தவங்களுக்குச் சொல்றேன், கல்வெட்டுன்னா அவங்க ஊர்ல அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்குற நினைவு மலர், திதி வெண்பான்னா எறந்த திதியச் சொல்ற பாட்டு.) வெண்பா நமக்கு வராதும்மா, தளை தட்டுனா உங்க ஊர்ல கண்டுபிடிச்சிடுவாங்க. ஆண்டு, மாசம், வளர்பிறையா தேய்பிறையா, திதி எல்லாம் அதுக்குள்ள அடங்கணும், உங்க பக்கத்துப் புலவர் யாரையாவது பிடிங்க. உயிர் பிரிஞ்ச ஊரு, நேரம் ரெண்டையும் சரியாச் சொல்லிடுங்க, திதி அதவச்சுதான். ஆனா கல்வெட்டுல அப்பாவோட வாழ்க்கை வரலாறு வரும்ல, அதுக்கு, மேல தேனித் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஓசூர்: போட்டோ எப்படி அனுப்பணும்?

மேல படிங்க.

விழுப்புரம்: நல்ல வாசகம் ரெடிமேடா இருந்தா அனுப்புங்க சார்.

இன்னைக்கு நீங்க ஏழாவது ஆளு. இல்ல.

திண்டுக்கல்: அப்பா கடன் நோட்டு என்கிட்ட இருக்கு, பாதி பேரு இன்னும் தரல. மலர்ல அதப் பத்திப் போடலாமா?

பேரு போட்டா கருமாதிப் பந்தல்லயே சண்டை வரும், போடாதீங்க. வசூல் பண்றது வேற கத. ஆனா நோட்டு கெடைச்சது பெரிய விஷயங்க, எல்லாருக்கும் அது கெடைக்காது. அவரு கையெழுத்துல அரிசி, பருப்பு, எண்ணெய்னு எழுதியிருக்குற பக்கம் ஒண்ணு எடுத்து, பேரையும் தொகையையும் மறைச்சுட்டு பின் அட்டை முழுக்கப் போடுங்க. அடியில ஒரு வார்த்தை எழுத வேணாம். பேனா அழுத்தமா இருக்குற பக்கமா பாத்து 300 டிபிஐல, அதான் இஞ்சுக்கு 300 புள்ளி, ஸ்கேன் பண்ணுங்க. அனுப்புறப்போ டாக்குமெண்ட்டா அனுப்புங்க.