ஏர் சஸ்பென்ஷனா, ஸ்பிரிங்கா? முதலில் டயரைப் பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் போர்ஷே மக்கான் எஸ் வாங்கப் பார்க்கிறேன். இரண்டு வண்டிகள் அமைந்திருக்கின்றன, இரண்டும் 2020 மாடல். ஒன்றில் ஸ்டீல் ஸ்பிரிங், பிஏஎஸ்எம், 21 இன்ச் வீல். இன்னொன்றில் ஏர் சஸ்பென்ஷன், 20 இன்ச் வீல், விலை சற்றுக் கூடுதல். கோவையிலிருந்து மாதம் இருமுறை சென்னை போவோம். பின்சீட்டில் அம்மா, அவருக்கு முதுகுவலி. குன்னூர் மலைப்பாதையில் ரசித்து ஓட்டவும் ஆசை. எதை எடுக்கலாம்?

பதில்: நானாக இருந்தால் ஸ்டீல் ஸ்பிரிங் வண்டியை எடுத்து, அந்த 21 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 19 இன்ச் போடுவேன்.

ஏர் என்றாலே சொகுசு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஸ்டீல் சுருளானாலும் காற்று நிரப்பிய பையானாலும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு வண்டி எத்தனை முறை ஆடும் என்பது ஷாக் அப்சார்பரின் கையில் இருக்கிறது. பிஏஎஸ்எம் என்பது அந்த ஷாக்கின் இறுக்கத்தை ஓடும்போதே மாற்றிக்கொண்டிருக்கும் ஏற்பாடு, ஏர் சஸ்பென்ஷனோடும் அதுவேதான் வருகிறது. ஆக நெடுஞ்சாலையில் பாலம் சேரும் இடத்தில் நூறில் ஏறி இறங்கும்போது ஒரே அசைவில் அடங்குகிற குணம் இரண்டிலும் கிடைக்கும், முதுகுக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் மெத்தை மாதிரி மூன்று முறை ஆடுகிற வண்டியில் பின்சீட்டுக்காரருக்கு சேலம் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டும். (பிஏஎஸ்எம் இல்லாத மக்கானும் உண்டு. கியர் லீவர் பக்கத்தில் ஷாக் படம் போட்ட பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் என் பதில் மாறும்.)

முதுகில் சுள்ளென்று ஏறுவது சின்னச் சின்ன விளிம்புகள், ஒட்டுப் போட்ட தார். அதை முதலில் வாங்குவது டயர். முன்பக்கம் 21 இன்ச்சுக்கு 265/40 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம்), அதாவது டயரின் பக்கச்சுவர் 106 மி.மீ. 19 இன்ச்சுக்கு 235/55, பக்கச்சுவர் 129 மி.மீ. அந்த 23 மி.மீ. ரப்பரும் காற்றும் செய்கிற வேலையை எந்த சஸ்பென்ஷனும் முழுதாகச் செய்துவிட முடியாது. ரிம் வளைவதும் டயர் புடைப்பதும்கூடக் குறையும். வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஸ்பீடோமீட்டர் குழம்பாது. மக்கானில் முன் பின் டயர் அளவு வேறு, ஆகவே நான்கையும் போர்ஷே அங்கீகரித்த 'என்' குறியிட்ட டயராகச் சேர்த்தே மாற்றுங்கள். குன்னூர் வளைவுகளில் ஸ்டீயரிங் கூர்மை கொஞ்சம் குறையும், அதை மறைக்க மாட்டேன். அம்மா பின்னால் இருக்கும்போது அது பெரிய இழப்பில்லை.

சரி, ஏர் எங்கே ஜெயிக்கிறது? ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினாலும் பின்பக்கம் தொங்காது. உயரத்தையும் மாற்றலாம். ஆனால் ஏர் மக்கானின் சாதாரண நிலையே ஸ்பிரிங் வண்டியைவிட 15 மி.மீ. தாழ்வு, பட்டனை அழுத்தினால் அங்கிருந்து 40 மி.மீ. ஏறும், அப்போதும் ஸ்பிரிங் வண்டியைவிட நிகரமாக 25 மி.மீ.தான் கூடுதல். உங்கள் வீட்டுச் சாய்தளத்தில் அடி தட்டும் என்றால் மட்டும் இது பெரிய விஷயம்.

எனக்குக் கவலை வயதுதான். காற்றைத் தாங்குவது ரப்பர் பை. மடிப்புகளில் வெடிப்பு விழும், மெதுவாகக் கசியும், அதை ஈடுகட்ட காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போய்விடும். அப்புறம் செலவு லட்சத்தில் பேசும்.

அப்படியும் ஏர் வண்டிதான் மனதில் நிற்கிறது என்றால், சாயங்காலம் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி நான்கு மூலையிலும் வீல் நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எஞ்சினைப் போடுமுன், கதவைத் திறக்கும் முன்பே மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். விற்பவர் இரவு நிறுத்திப் பார்க்க விடவில்லை என்றாலும் வேண்டாம்.

இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கும்போது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். கிளம்புமுன் டயரில் காற்று கதவோர ஸ்டிக்கரில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், கூடுதலாக அடைத்திருந்தால் எந்த வண்டியும் உதறத்தான் செய்யும்.