நோயாளிகளா, நோயாளியினுடையதா?

அன்புச் சகோதரிக்கு,

லண்டன் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து மூன்று மாதமே ஆன நிலையில், ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்காக எழுதிவைக்கும் உங்கள் ஹேண்டோவர் குறிப்பில் "பேஷண்ட்'ஸ்" என்ற சொல்லை மேற்பார்வைச் செவிலியர் இருமுறை வட்டமிட்டதாகவும், அந்த அப்பாஸ்ட்ரபி (') குறியை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பன்மையானாலும் உடைமையானாலும் காதில் விழுவது ஒரே "ஸ்" என்பதால், கேட்டுப் பழகி இதைக் கற்க முடியாது.

எனக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணமே. எழுதுமுன் சொல்லைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நோயாளிகள்" என்று "கள்" மட்டும் வந்தால் குறி வேண்டாம். "நோயாளியின் படுக்கை" என்று ஆறாம் வேற்றுமை வந்தால் "ஸ்" எழுத்துக்கு முன்னால் குறி. "நோயாளிகளின் உறவினர்கள்" என்று இரண்டும் சேர்ந்தால் பின்னால் குறி. தமிழிலும் "கள்" வந்த பிறகுதானே "இன்" ஒட்டுகிறது? "சில்ட்ரன்" போல "ஸ்" இல்லாமலே பன்மையான சொல்லுக்கு மட்டும், குறியை இட்டு அதன்பின் "ஸ்" சேர்க்க வேண்டும்.

இந்தச் சோதனை இரண்டு இடங்களில் காலை வாரிவிடும். "அதன்" என்ற பொருளில் வரும் "இட்ஸ்" குறி பெறாது; போட்டால் அது "இட் இஸ்" என்பதன் சுருக்கமாகிவிடும். மற்றதில் நானே மாட்டிக்கொண்டேன். "இரண்டு வார விடுப்பு" என்னும்போது தமிழில் "இன்" எதுவும் தெரிவதில்லை. ஆங்கிலத்திலோ "வீக்ஸ்" என்பதன் இறுதியில் குறி உண்டு. என் முதல் விடுப்புக் கடிதத்தில் அதை "ஸ்" எழுத்துக்கு முன்னால் போட்டு, இரண்டு வாரத்தை ஒரு வாரமாக்கியிருந்தேன்; மேலாளர் பென்சிலால் திருத்திவிட்டு, நல்லவேளையாக இரண்டு வாரமும் கொடுத்தார்.

ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்து மட்டும் கற்காதீர்கள். பிக்கடிலி ரயில் தடத்தில் ஏர்ல்'ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு, அடுத்து வரும் பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. பர்மிங்ஹாம் மாநகராட்சி 2009இல் தெருப்பலகைகளுக்குக் குறியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. சந்தையில் "ஆப்பிள்'ஸ்" என்று விலை எழுதி வைப்பவர்களில் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் உண்டு. அந்தப் பிழைக்குக் "காய்கறிக்கடைக்காரர் அப்பாஸ்ட்ரபி" என்று ஆங்கிலத்தில் பெயரே இருக்கிறது.

உங்கள் குறிப்பேட்டில் அந்தச் சலுகை கிடையாது. வந்து காத்திருப்பவர்கள் ஒரே நோயாளியின் உறவினர்களா, பலருடைய உறவினர்களா என்பதை அடுத்த ஷிப்டில் வருபவர் அந்தச் சிறு குறியை வைத்துத்தான் அறிவார். ஐயம் எழுந்தால் "ரிலேட்டிவ்ஸ் ஆஃப்" என்று தொடங்கி வாக்கியத்தைத் திருப்பி எழுதிவிடுங்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும், அவசரத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன்.