காயமில்லை என்றால் குற்றமில்லையா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வாசலில் கோலமிட்டுக் கொண்டிருந்த அப்பத்தாவை உரசுவதுபோல் ஒரு கார் பறந்தது, கோலப்பொடிக் கிண்ணம் நசுங்கிவிட்டது. காயம் இல்லாததால் வழக்கு நிற்காது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: அப்பத்தா தப்பியது பெரும் ஆறுதல், அம்மா. ஆனால் அவர்கள் சொல்வது சரியன்று. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்தோ காயமோ ஏற்படக்கூடிய வகையில் கண்மூடித்தனமாகவோ கவனமின்றியோ வண்டி ஓட்டுவதே, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 281ஆம் பிரிவின்படி, 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 279ஆம் பிரிவு.) வேகம் மட்டுமே அளவுகோல் அன்று, ஆள் நடமாடும் தெருவில் எப்படி ஓட்டினார் என்பதும் பார்க்கப்படும். நசுங்கிய கிண்ணத்தையும், எதிர்வீட்டில் கேமரா இருந்தால் அதன் பதிவையும் பத்திரப்படுத்தி, வண்டி எண்ணுடன் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.