காலநிலை மாநாட்டுக்கு யாரை அனுப்புவது?

கேள்வி: எங்கள் லுத்தரன் திருச்சபையின் இளைஞர் பணிக்கு நான் பொறுப்பாளராக இருக்கும் ஆயர். ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குச் செல்லும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் குழுவுக்கு ஓர் இளைஞரின் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். முதலாமவருக்கு ஆங்கிலம் சரளம். வெளிநாட்டுக் கூட்டங்களுக்கு முன்பே போய்வந்தவர். பேராயர் அலுவலகத்தில் எல்லாருக்கும் அறிமுகமானவர். இரண்டாமவர் சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர். விஷயம் தெரிந்தவர், ஆனால் ஆலயத்துக்கு எப்போதாவதுதான் வருவார். மூன்றாமவர் கடலோரச் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, வயது 23. கடல்நீர் ஊருக்குள் புகுந்தபோது நிவாரணப் பணியை முன்னின்று நடத்தியவர்; ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். குழுவில் வாக்கெடுப்பு நடத்தலாமா, நேர்காணல் நடத்தலாமா? யாரை அனுப்புவது?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றாமவரைத்தான் நான் முன்னிறுத்துவேன். அந்த முடிவுக்கு உங்கள் குழுவும் முறைப்படி விசாரித்தே வர வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். இப்போது உங்கள் குழு மூன்று ஆட்களையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் வேலையை எழுதி வையுங்கள். எதற்காக அனுப்புகிறோம், அங்கே எந்தக் கோரிக்கையைச் சொல்ல வேண்டும், திரும்பி வந்ததும் யார் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் மேசையில் இருந்தால் பாதி விவாதம் தானாக அடங்கிவிடும்.

அந்த வேலை மேடையேறிப் பேசுவது என்றுதான் பல சபைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. 1992இல் உருவான காலநிலை உடன்படிக்கையின் கீழ் ஆண்டுதோறும் கூடும் இந்த மாநாட்டில் பேரம் பேசுவதும் முடிவெடுப்பதும் அரசுகள்தான். லுத்தரன் உலகக் கூட்டமைப்பு போன்றவை பார்வையாளர் அமைப்புகள். அவற்றுக்கு வாக்கு இல்லை. பார்வையாளர் அமைப்புகளை இளைஞர், பெண்கள், பழங்குடியினர், தொழிற்சங்கங்கள் என ஒன்பது தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சமய அமைப்புகளுக்கென்று அதில் தனித் தொகுதி கிடையாது. அதனால் பிற திருச்சபைகளோடும் பிற சமயத்தாரோடும் கைகோத்துத்தான் எதையும் செய்ய முடியும். வளாகத்துக்குள் ஒரு பதாகையைப் பிடிக்கக்கூட மாநாட்டுச் செயலகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். தீப்பொறி பறக்கப் பேசுபவரைவிட, பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, குறிப்பெடுத்து, சரியான நேரத்தில் சரியான ஆளிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே பயன்படுவார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பேச்சுவார்த்தை அறையின் கதவு திறக்கிறது. உங்கள் நாட்டு அதிகாரி ஒருவர், திருத்தங்கள் கிறுக்கிய வரைவைக் கையில் பிடித்தபடி அடுத்த அறைக்கு விரைகிறார். கூடவே நடந்துகொண்டு பேச உங்கள் பிரதிநிதிக்கு ஒன்றிரண்டு நிமிடங்கள் கிடைக்கும். "பூமியைக் காப்பாற்றுங்கள், ஐயா" என்றால் அவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். "எங்கள் சபையாரின் கிணறுகள் உப்பாகிவிட்டன. இழப்புக்கான நிதி கடனாக வந்தால் அவர்களால் வாங்க இயலாது. மானியமாகத்தான் வர வேண்டும் என்று இந்தப் பத்தியில் நம் நாடு வலியுறுத்துமா?" என்று கேட்டால் அவர் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன: தன் மக்களின் பாடு, பேச்சுவார்த்தையில் ஒரு குறிப்பிட்ட இடம், தெளிவான ஒரு கோரிக்கை. இந்த மூன்றையும் சேர்த்துப் பேசக்கூடியவரைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

பேச்சுவார்த்தையின் எல்லாப் பிரிவுகளையும் ஓர் இளைஞர் கற்றுத் தேற வேண்டியதில்லை. ஒன்றை ஆழமாகப் பிடித்துக்கொண்டால் போதும். கடலோரச் சபைக்கு 'இழப்பும் சேதமும்', அதாவது காலநிலை மாற்றத்தால் ஏற்படும் பாதிப்புகளுக்கு ஈடு தேடுவது பற்றிய பேச்சுவார்த்தை பொருந்தும். அதற்கென ஒரு நிதியம் வேண்டும் என்று 2022இல் ஷர்ம் எல்-ஷேக் மாநாட்டில் முடிவானது. 2023இல் துபாயில் அது செயல்வடிவம் பெற்றது. போதிய பணம் இன்னும் வந்து சேரவில்லை. 2024இல் பாக்கூவில், வளரும் நாடுகளுக்கான காலநிலை நிதியை 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலராக உயர்த்துவது என்று இலக்கு வைத்தார்கள். வளரும் நாடுகள் கேட்டது 1,30,000 கோடி டாலர். இந்த இடைவெளி எந்த வீட்டில் போய் விடிகிறது என்பதை உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை கண்ணால் பார்த்திருக்கிறார். மாநாட்டில் அது பெரிய பலம்.

இளைஞர்களை ஏன் அனுப்ப வேண்டும் என்று மூத்தவர்கள் சிலர் முணுமுணுக்கலாம். கூட்டமைப்பின் கூட்டங்களிலும் குழுக்களிலும் ஐந்தில் ஒரு பங்கு இளைஞர்களாக இருக்க வேண்டும் என்று 1984இல் புடாபெஸ்டில் கூடிய அதன் பேரவையே தீர்மானித்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள். 2013இல் வார்சா மாநாட்டில், ஹையான் புயலில் உருக்குலைந்த பிலிப்பீன்ஸின் பிரதிநிதி யெப் சானோ உண்ணாநோன்பு அறிவித்தபோது லுத்தரன் இளைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். மாதத்தின் முதல் நாள் காலநிலைக்காக நோன்பிருக்கும் இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. புகைப்படத்தில் முன்வரிசையை நிரப்ப அவர்கள் போகவில்லை. உங்கள் பிரதிநிதியும் அதற்காகப் போகக் கூடாது.

இனி தேர்வு. வாக்கெடுப்பு வேண்டாம். வாக்கெடுப்பில் பெரிய சபையும் பெரிய குடும்பமும்தான் ஜெயிக்கும். ஐந்து பேர் கொண்ட சிறு குழுவை அமையுங்கள். அதில் இருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கட்டும்; பெண்கள் இருக்கட்டும்; பேராயர் அலுவலகத்தைச் சாராத ஒருவரும் காலநிலை விஷயம் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். விண்ணப்பித்தவர்களின் உறவினர்கள் விலகிக்கொள்ள வேண்டும். இதில் தாட்சண்யம் பார்த்தால் தேர்வு முடிந்த பிறகும் பேச்சு ஓயாது.

நேர்காணலில் "காலநிலை நீதி என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். அதற்கு மனப்பாடப் பதில் உண்டு. அதற்குப் பதிலாக இரண்டு பயிற்சிகளைக் கொடுங்கள். முதலில், குழுவில் ஒருவர் சபையின் மூத்த தாயாராக உட்காரட்டும். மாநாட்டில் என்ன நடக்கிறது, அதனால் அவருக்கு என்ன என்று விண்ணப்பதாரர் தாய்மொழியில் விளக்க வேண்டும். அடுத்து, அதே ஆள் அரசு அதிகாரியாகிவிடுகிறார். அந்தத் தாயாருக்கு நேர்ந்ததை விண்ணப்பதாரர் இரண்டு நிமிடத்தில் அவரிடம் எடுத்துச் சொல்லி, ஒரு கோரிக்கையோடு முடிக்க வேண்டும். பேச்சு வல்லவர்கள் பலர் முதல் பயிற்சியில் திணறுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பலர் இரண்டாவதில் கோரிக்கை வைக்க மறந்துவிடுவார்கள். இரண்டையும் ஓரளவு செய்பவரைப் பழக்கி எடுக்கலாம். விண்ணப்பதாரர் அந்தத் தாயாரின் பேச்சை எவ்வளவு நேரம் காதுகொடுத்துக் கேட்டார் என்பதையும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

விசுவாசம் பற்றி ஒரு கேள்வி போதும்: "இந்த மாநாட்டில் திருச்சபைக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" இறையியல் தேர்வாக அதை மாற்றிவிடாதீர்கள். 2017இல் விண்ட்ஹுக்கில் கூடிய கூட்டமைப்பின் பேரவை "படைப்பு விற்பனைக்கு அல்ல" என்பதைத் தன் துணைக் கருப்பொருள்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அதைத் தன் வாழ்விலிருந்து சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டாமவர் ஆலயத்துக்கு வருவது குறைவு என்பதற்காக மட்டும் அவரைக் கழித்துவிட வேண்டாம். ஏன் வருவதில்லை என்று அன்போடு கேளுங்கள். சபை அவருக்கு இடம் கொடுக்காததும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் சபையின் பெயரால் பேசப் போகிறவருக்கு அந்தச் சபையாரின் முகங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம்தான் உங்கள் உண்மையான தயக்கம் என்று நினைக்கிறேன். பேச்சுவார்த்தை வரைவுகளும் குழுவின் அன்றாட வேலையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதை மறைக்க முடியாது. ஆனால் புரிந்துகொள்வது வேறு, சரளமாகப் பேசுவது வேறு. ஒரு பக்க ஆங்கில வரைவைக் கொடுத்து, ஒரு நாள் அவகாசம் தந்து, அதன் சாரத்தைத் தாய்மொழியில் சொல்லச் சொல்லுங்கள். சாரம் பிடிபடுகிறது என்றால், தட்டுத்தடுமாறிய பேச்சைச் சில மாதப் பயிற்சியில் தேற்றிவிடலாம். சாரமே பிடிபடவில்லை என்றால் அவரை அங்கே அனுப்புவது அவருக்குச் செய்யும் அநியாயம். அப்போது இந்த ஆண்டு இணையவழிப் பங்கேற்புக்கு வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டுக்கு அவரை ஆயத்தப்படுத்துங்கள். சரளமான ஆங்கிலத்தை முதல் சல்லடையாக வைத்தால், ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்துதான் பிரதிநிதிகள் வருவார்கள். காலநிலையால் அதிகம் அடிபட்டவர்கள் அந்த வீடுகளில் இருப்பது அபூர்வம். நீதிக்காக அனுப்பும் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போதே அநீதி புகுந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதலாமவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கூட்டங்களில் பழகியவர் கூட இருந்து பயிற்சி கொடுத்தால் அவருடைய அனுபவம் இருவருக்கும் பயன்படும். அறிவியல் மாணவர் வாராவாரம் அமர்ந்து ஆவணங்களை விளக்கலாம். இதை ஆறுதல் பரிசாகச் சொல்லாதீர்கள். இருவரின் பெயரையும் பொறுப்பையும் முன்பு சொன்ன அந்த ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

நடைமுறையில் சபைகள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மாநாட்டு அடையாள அட்டைக்குத் தனிநபர் தானாக விண்ணப்பிக்க முடியாது. பார்வையாளர் அமைப்புதான் பெயரைப் பதிவு செய்யும். ஒவ்வோர் அமைப்புக்கும் இத்தனை இடம் என்று வரம்பு இருக்கிறது. அதனால் உங்கள் பரிந்துரை ஒரு விண்ணப்பம் மட்டுமே. இடம் உறுதி இல்லை என்பதை மூவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூட்டமைப்பின் கணக்கில் 18 முதல் 30 வயது வரை இளைஞர். பிறந்த தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இப்போதே கையில் இருக்க வேண்டும், பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெயர் எல்லா ஆவணங்களிலும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கட்டும். மாநாடு இரண்டு வாரம் நடக்கும், கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டியும் நீளும். இரவில் தங்குமிடத்துக்கு எப்படித் திரும்புவார், உடம்புக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பார் என்பதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். பயணச் செலவு கிடைத்தாலும் குளிர் உடை, விசாவுக்கான அலைச்சல், போகும் நாட்களில் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம் ஆகியவை ஏழைக் குடும்பத்தை உலுக்கிவிடும். கேட்க வெட்கப்பட்டு, "எனக்கு வசதிப்படாது" என்று ஒதுங்கிக்கொள்ளும் இளைஞர்கள் நிறைய. அவர் கேட்பதற்கு முன் சபை அந்தத் தொகையை ஒதுக்கட்டும். இன்னொன்று: அரசை விமர்சித்துப் பேசுவது சில நாடுகளில் ஊர் திரும்பிய பின் தொல்லையைக் கொண்டுவரும். எதைச் சொல்லலாம், எந்தப் படத்தை வெளியிடலாம் என்பதில் கடைசிச் சொல் பிரதிநிதியுடையதாக இருக்க வேண்டும்.

பொறுப்பு குறைந்தது ஓராண்டுக்கு இருக்கட்டும். மாநாட்டுக்கு முன்பே உங்கள் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதி, பிரதிநிதி ஓர் அதிகாரியைச் சந்திக்க வேண்டும். அங்கே நடைபாதையில் முதல்முறையாக அறிமுகம் செய்துகொண்டால் காலம் கடந்துவிடும். திரும்பி வந்தபின் எத்தனை சபைகளுக்குப் போய்ப் பேசுவார், ஒவ்வோர் ஐந்தாண்டும் நாடுகள் புதுப்பிக்க வேண்டிய காலநிலை உறுதிமொழியில் உங்கள் அரசு என்ன எழுதுகிறது என்பதை யார் கண்காணிப்பது என்பதெல்லாம் போவதற்கு முன்பே முடிவாக வேண்டும். அடுத்த சில மாதங்களில் மேற்படிப்புக்காக வேறு நாட்டுக்குப் போகும் திட்டம் இருக்கிறதா என்று மூவரிடமும் கேளுங்கள்.

முடிவு தெரிந்த அன்றே மற்ற இருவரையும் நீங்களே நேரில் சந்தித்து, காரணத்தைச் சொல்லுங்கள். நேர்காணல் குழுவின் குறிப்புகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த ஆண்டுக் குழு அதிலிருந்து தொடங்கலாம்.