ஸ்பெயின் கடற்கரையோரமாக மோட்டார்ஹோமில் (உள்ளேயே சமைத்து உறங்கக்கூடிய வண்டியில்) பயணம் செய்து மோட்டோஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயமும் பார்க்க முடியுமா?

குடும்பத்தோடு போகலாமா, ஓட்டலில் தங்குவதைவிட மலிவாக முடியுமா என்றும் விளக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் போகாதீர்கள். வண்டி வாடகை, டீசல், காப்பீடு, முகாம்களில் இரவுக்கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால் சுமாரான ஓட்டல் செலவை எட்டிப்பிடித்துவிடும். ஜெர்மனியில் வசிக்கும் நான், மனைவியோடும் மகனோடும் பார்சலோனாவில் வண்டி எடுத்து, தெற்கே பந்தயம் நடக்கும் ஹெரெஸ் வரை ஓட்டிச் சென்றவன். "ஓட்டலுக்குக் காசில்லாமல் வண்டியிலேயே படுத்துக்கொண்டார்களாம்" என்று எங்கள் உறவினர் வட்டாரத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் கடந்துபோக மனம் வரவில்லை. ஓட்டலில் தங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஐரோப்பாவில் கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர் என்று எடுத்துக்கொள்கிறேன். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை அந்த உரிமத்திலேயே ஓட்டலாம்.

முதலில் தேதியைப் பந்தயம்தான் முடிவு செய்யவேண்டும், கடற்கரை அல்ல. ஸ்பெயினின் பந்தயத் தடங்களில் எதுவும் கடலைப் பார்த்தபடி இல்லை. மோன்ட்மெலோ பார்சலோனாவிலிருந்து உள்நாட்டுப் பக்கம் தள்ளி இருக்கிறது. செஸ்தே வலென்சியாவுக்கு மேற்கே. ஹெரெஸ் காடிஸ் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே. அரகோன் தடம் இருக்கும் அல்கனீஸோ முழுக்க உள்நாடு. செஸ்தேயில் பார்வையாளர் மேடைகள் ஒரு விளையாட்டரங்கத்தைப் போல எழுப்பப்பட்டிருப்பதால் 4.005 கிலோமீட்டர் தடத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஆனால் அது நவம்பரில் நடக்கும் கடைசிப் பந்தயம்; பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், வானிலையையும் நம்ப முடியாது. 2024 அக்டோபர் இறுதியில் வந்த பெருவெள்ளம் வலென்சியா வட்டாரத்தையே புரட்டிப்போட்டதால் அந்த ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டு, பருவத்தின் கடைசிப் பந்தயம் மோன்ட்மெலோவில் நடந்தது. ஆகவே என் ஓட்டு ஹெரெஸுக்கு. வழக்கமாக ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும். வெயில் காய்வதற்கு முன்பே தெற்கைப் பார்த்துவிடலாம்.

வழி எளிது. பார்சலோனாவிலிருந்து அலிகாந்தே வரை ஏபி-7 நெடுஞ்சாலையில் இப்போது சுங்கக்கட்டணம் இல்லை. அவசரமில்லாத நாள்களில் அதை விட்டு இறங்கி, பழைய என்-340 சாலையில் போங்கள். எப்ரோ ஆற்றின் கழிமுகத்தில் தண்ணீர் பாய்ச்சிய நெல்வயல்களுக்கு நடுவே வண்டி போகும்போது என் மனைவி நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அல்மேரியாவில் இதற்கு நேரெதிர்க் காட்சி: கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசுமைக்குடில்களின் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை, ஏறத்தாழ 30,000 ஹெக்டேர். ஜெர்மன் கடைகளில் குளிர்காலத்தில் நாங்கள் வாங்கும் தக்காளியும் குடைமிளகாயும் இங்கிருந்துதான் வருகின்றன. அழகில்லை என்று பலர் தாண்டிப்போவார்கள். நான் பார்க்கச் சொல்வேன்.

இரவு எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான கேள்வி. ஸ்பெயினில் வண்டியை நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட்டு, வண்டியின் உருவத்துக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிராமல், கழிவுநீர் எதுவும் வெளியேறாமல் இருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள், உள்ளே உறங்கலாம். நிழற்துணியை விரித்து, மேசை நாற்காலி போட்டுவிட்டால் அது முகாம். கடற்கரைப் பொதுநிலத்திலோ 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டப்படி வண்டியை நிறுத்துவதற்கே தடை இருக்கிறது. இதற்கு மேல் ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனி விதி. நாங்கள் கிரனாடா மாகாணக் கடலோரத்தில் ஓர் ஊரின் வாகன நிறுத்துமிடத்தில் படுத்திருந்தபோது, நள்ளிரவில் காவலர் ஒருவர் வந்தார். கதவைத் தட்டுவதற்கு முன்பே அவர் குனிந்து வண்டியின் அடியில் டார்ச் அடித்து, தாங்குகால்கள் இறங்கியிருக்கின்றனவா என்று நான்கு மூலையிலும் பார்த்ததைச் சன்னல் வழியே கவனித்தேன். பிறகு எங்களை ஒன்றும் கேட்காமல் பக்கத்து வண்டிக்குப் போனார். அவர்கள் கால்களை இறக்கி, துணியை விரித்து, செருப்புகளைக்கூட வெளியே வரிசையாக விட்டிருந்தார்கள். அபராதச் சீட்டு எழுதி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வாடகை நிறுவனம் ஒன்று, கூரையின் ஓரத்தில் இருந்த ஒரு பழைய கீறலுக்காக எங்கள் முன்வைப்புத் தொகையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. வண்டியைப் பெறும்போது நான்கு பக்கமும் படம் எடுத்திருந்தேன். கூரையைப் படம் எடு என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. நீங்கள் ஏணி கேட்டு வாங்கியாவது எடுங்கள்.

ஹெரெஸை நெருங்க நெருங்கச் சாலை முழுக்க மோட்டார்சைக்கிள்கள்தான். மெதுவாகப் போகும் பெரிய வண்டியை ஓட்டுபவர் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். தாண்டிப்போகிறவர் கையை எடுக்க முடியாததால் வலக்காலை நீட்டி நன்றி சொல்வார். என் மகன் முன் இருக்கையில் உட்கார்ந்து கால்களை எண்ணிக்கொண்டே வந்தான்.

பார்வையாளர் இடம் வாங்கும்போது கடைசி வளைவைப் பார்க்கும்படி வாங்குங்கள். 2013இல் அந்த வளைவுக்கு ஸ்பெயின் பந்தய வீரர் ஹோர்ஹே லொரென்ஸோவின் பெயரைச் சூட்டினார்கள். அதே வார இறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், அதே வளைவில், இன்னொரு ஸ்பெயின் வீரரான மார்க் மார்க்கெஸ் அவரை இடித்துத் தள்ளி இரண்டாம் இடத்தைப் பறித்துக்கொண்டார். 4.423 கிலோமீட்டர் தடத்தில் 25 சுற்று ஓடிவிட்டு, வெற்றிக்கோட்டுக்குச் சற்று முன்னால் கடுமையாக பிரேக் பிடிக்கவேண்டிய இடம் அது என்பதால் அங்கே எதுவும் நடக்கலாம். 2023 முதல் சனிக்கிழமையும் ஏறத்தாழப் பாதித் தூர ஸ்பிரின்ட் பந்தயம் உண்டு. எனவே ஞாயிறு நெரிசல் வேண்டாம் என்பவர்கள் சனிக்கிழமைச் சீட்டு வாங்கினாலும் ஏமாற மாட்டார்கள். பிள்ளைக்குக் காதடைப்பான் கட்டாயம். செருகும் வகை போதாது, காதை முழுவதும் மூடும் வகை வேண்டும். பந்தயம் வெறும் இரைச்சல், எரிபொருள் வீண் என்று பின்னூட்டம் இட வருபவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. கால்பந்து பார்க்கப் போகிறவர்களும் நடந்து போவதில்லை.

ஞாயிறு மாலை பந்தயம் முடிந்த கையோடு வண்டியைக் கிளப்பாதீர்கள். நாங்கள் அங்கேயே சோறு வடித்து, ரசம் வைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகும் வெளியேறும் வாகன வரிசை அசையவில்லை. வண்டியைத் திருப்பித் தரும் நாளைச் செவ்வாய்க்கிழமை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெரெஸிலிருந்து பார்சலோனா திரும்பவேண்டுமானால் வியாழன்.